சும்மா கிடந்த லைன்

போன கிழமை ஒரு பின்னேரம் முழுவதும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வேலைதான்... நம்புங்கள். கொம்பியூட்டர் திருத்துகிறவன் வேலை செய்வதும் சும்மா இருப்பதும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும். வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு ஒரு லைற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தனான்" என்று சொன்னேன். "அதுக்குச் சம்பளமும் தருவினமோ?" என்று கேட்டார் மனைவி. தருவார்கள். பிந்தித் தருவார்கள்.

வவுனியாவில், குளத்துக்குப் போகிற பக்கமாக, ஒரு பழைய வீட்டில் ஓர் உதவி நிறுவனம் இருக்கிறது. நெடுங்கேணிப் பக்கத்துக்கு விதைநெல்லும் மண்வெட்டியும் அனுப்புகிறவர்கள். பெயர் வேண்டாம். அவர்களுடைய கொம்பியூட்டர்கள் கொழும்புத் தலைமை அலுவலகத்தோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்க ஒரு தனி லைன் உண்டு. லீஸ்ட் லைன் என்பார்கள். மழை வந்தால் அது விழும். மழை வராவிட்டாலும் விழும்.

விழுந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் ரூட்டர் என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். தனி லைன் செத்துவிட்டது என்று கண்டதும் அது பக்கத்தில் இருக்கிற மோடத்தை எழுப்பும். மோடம் சாதாரணத் தொலைபேசி லைனில் கொழும்புக்கு டயல் பண்ணும். விட்ட இடத்திலிருந்து பேச்சுத் தொடரும். பாக்கப் என்று இதற்குப் பெயர்.

அந்த பாக்கப்தான் சில நாட்களாகப் படுத்துவிட்டது. "தம்பி, ஒருக்கா வந்து பாரும்" என்று மனேஜர் ஆள் அனுப்பினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். இந்த வெயிலிலும் சேட்டின் கழுத்துப் பட்டனைப் போடுகிறவர். கொழும்புக்கு வார அறிக்கை பிந்தினால் அவருக்குச் சோறு இறங்காது.

போனேன். ரூட்டரும் மோடமும் அவருடைய மேசைக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் இருந்தன. ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தேன்.

வாசகர்களே, ஒரு நிமிடம் இந்த இரண்டு பெட்டிகளையும் பற்றிச் சொல்ல விடுங்கள். இவை செய்தி பரிமாறத் தொடங்குவதற்கு முன் சைகையால் பேசிக்கொள்ளும். இடையில் இருக்கிற தடித்த கேபிளுக்குள்ளே பல கம்பிகள். அவற்றில் இரண்டில்தான் செய்தி போய்வரும். மற்றக் கம்பிகளில் என்ன போகிறது என்று நினைக்கிறீர்கள்? நான் ஆயத்தம்... நீ ஆயத்தமா?... மறுமுனையில் ஆள் இருக்கு... ஆள் போய்விட்டது. இவ்வளவுதான்!

ரூட்டர் ஒரு கம்பியில் கையை உயர்த்தினால், "நான் ஆயத்தம்" என்று அர்த்தம். கையை இறக்கினால், "போதும், போனை வை". மோடத்துக்கும் ஒரு சைகை இருக்கிறது. கொழும்பு மோடத்தின் குரல் காதில் விழுந்தால் மட்டும், "ஆள் இருக்கு" என்று ரூட்டருக்குச் சொல்லும். சொல்லும்போது முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

நான் பின்னேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த விளக்கைத்தான். ஏனென்றால் அது அணையவேயில்லை. லைனில் ஒருவரும் இல்லை. கொழும்பும் இல்லை, குருக்கள்மடமும் இல்லை. விளக்கு மட்டும் "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று எரிந்துகொண்டே இருந்தது. ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று நம்பிய ரூட்டர், டயல் பண்ணத் தேவையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டது.

யார் பார்த்த வேலை? அதற்கு முந்தின கிழமை கொழும்பிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து போனாராம். மோடத்தின் அமைப்புகளைத் தன் விருப்பத்துக்கு மாற்றிவிட்டு அன்றைக்கே ரெயின் ஏறிவிட்டார். நல்ல நோக்கம்தான் இருந்திருக்கும். எதற்கென்று எனக்கு உடனே விளங்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முன்னான மஞ்சள் வெளிச்சம். குளத்துப் பக்கமிருந்து காற்று. விளக்கைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கேயோ போய்விட்டது மனம். இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு எரிகிற விளக்குகள் எங்கள் ஊர்களில் எத்தனை? சாப்பாட்டு நேரம் ஒரு கோப்பை கூடுதலாக எடுத்து வைக்கிற வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும். அந்த விளக்குகளை ஒருவரும் என்னைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்வதில்லை. சொன்னாலும் நான் தொடமாட்டேன்.

"தம்பி, நித்திரையோ?"

றெஜினா அக்கா. அந்த அலுவலகத்தின் சமையலும் தேத்தண்ணியும் அவர் பொறுப்பு. முல்லைத்தீவுக் கடற்கரை. இடம்பெயர்ந்து வந்து, இங்கே முகாமில் ஓர் அறையில் இருக்கிறார். தாய் இன்னும் கடற்கரையில்தான். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, குரலில் கடல்காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய கனம். அன்றைக்கு அந்தக் கனம் இல்லை.

"இந்தாங்கோ. வடிவாக் குடியுங்கோ. நாளைக்கு வேற ஆரோதான் ஊத்தித் தருவினம்."

"ஏனக்கா, எங்க போறியள்?"

"கொழும்புக்கு. பாஸ் கிடைச்சிட்டுது. விடிய ரெயின்."

வவுனியாவை விட்டு வெளியே போக ஆமி தருகிற பாஸ் கிடைப்பது என்ன பாடு என்பது இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிடைத்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அக்காவின் முகத்தில் இல்லை. "சந்தோசம்தானே?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் வெளிக்கிடுகிற வாய்.

"என்ன சந்தோசம் தம்பி. எங்கட ஜெறோமுக்கு ஏதோ நடந்திட்டுது."

ஜெறோம் அவருடைய ஒரே தம்பி. வெளிநாடு போவதற்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருக்கிறான். பகலில் ஏஜென்சிக்காரரிடம் அலைவான். வழியில் எத்தனை செக்பொயின்ற்! எந்த இடத்தில் மறித்து எங்கே ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் பொழுதுபட லொட்ஜுக்குத் திரும்பியதும் பக்கத்துக் கொமினிகேஷன் கடையிலிருந்து இந்த அலுவலகத்துக்குப் போன் அடிப்பான். கதைப்பதற்கு அல்ல.

"ரெண்டு தரம் அடிச்சு வெட்டினால் சுகமா வந்திட்டன் எண்டு. ஒருக்கா மட்டும் அடிச்சு நிண்டால் வில்லங்கம், வா எண்டு. அது அவன் அடிக்கிறதில்லை. பக்கத்து அறைப் பெடியனிட்டச் சொல்லி வச்சிருக்கு."

"அடிக்கவே இல்லையெண்டால்?"

"அதுக்குப் பயப்படுறதில்லை. லைன் கிடைச்சிராது. இந்த நாட்டில சத்தம் இல்லாததுக்கெல்லாம் பயந்தால் ஆர் உயிரோட இருக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எவ்வளவு கெட்டித்தனமான ஏற்பாடு! நல்ல செய்திக்கு ஒரு சைகை, கெட்ட செய்திக்கு ஒரு சைகை. மௌனத்துக்கு அர்த்தமே இல்லை. மோடம் செய்கிற கம்பனிக்காரர் இப்படித்தான் மேசை போட்டு இருந்து யோசித்திருப்பார்கள்.

"நாலைஞ்சு நாளா ஒற்றை மணிதான் தம்பி. ஒருக்கா அடிச்சு நிக்கும். கொஞ்ச நேரத்தால திரும்ப அடிச்சு நிக்கும். அந்தப் பெடியன் விடாமல் கூப்பிடுறான். லொட்ஜ் நம்பருக்கு அடிச்சுப் பார்த்தனான். அப்பிடி ஒராள் இஞ்ச இல்லை எண்டு வச்சிட்டினம். ஆர் கேட்டாலும் பயத்தில அப்பிடித்தான் சொல்லுவினம்... எண்டாலும் என்ர மனம் கேக்குதில்லை."

பாஸ் முடிவதற்குள் திரும்பாவிட்டால் முகாம் அறை போய்விடும். இந்த வேலையும் போய்விடும். கொழும்பில் எந்தப் படியில் ஏறி யாரைக் கேட்பது என்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் போகத்தான் போகிறார். வேறு என்ன செய்வது? நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அது இனிக்கவில்லை.

திரும்பவும் மோடத்துக்கு முன்னால் வந்து இருந்தேன். வெளியே பொழுதுபட்டுக்கொண்டு வந்தது. மனேஜருடைய கொம்பியூட்டரில் மோடத்தை மாட்டி, அமைப்புகளை மாற்றுவதற்காகக் கையைத் தட்டச்சுப் பலகையில் வைத்தேன்.

அப்போது அக்கா சமைக்கிற குசினிப் பக்கம் போன் மணி அடித்தது.

ஒருமுறை. அவ்வளவுதான். நின்றுவிட்டது.

அந்த நொடியில் என் மூக்குக்கு முன்னால் மோடத்தில் இன்னொரு விளக்கு எரிந்தது. போனை எடுத்தால் எரிகிற விளக்கு. கிட்டத்தட்ட ஒரு நிமிடம் எரிந்தது. பிறகு தானாக அணைந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. மோடத்தின் கீச்சுக்குரல் தலையிடி தருகிறதென்று அதன் ஸ்பீக்கரை மனேஜர் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்.

இன்ஜினியர் செய்த மற்ற வேலை எனக்கு இப்போதுதான் விளங்கியது. கொழும்பில் இருந்தபடியே டயல் பண்ணி ரூட்டரைப் பார்ப்பதற்கு வசதியாக, மணி ஒருமுறை அடித்ததும் மோடமே போனை எடுக்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மோடம் மாட்டியிருப்பது வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய லைனில். அலுவலகத்துக்கு வேறு நம்பர். அதே பழைய லைனில்தான் குசினிக்குப் போகிற வழியில் ஒரு முக்காலியில் இருக்கிற போனும். அந்த மணியைத்தான் றெஜினா அக்கா ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது மணியை மோடம் விழுங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். அக்கா போனுக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்தபடி நின்றார்.

"பாத்தியளோ தம்பி? ஒருக்காத்தான்."

"இல்லையக்கா, இல்லை! அது ஜெறோமாகவும் இருக்கலாம். அவர் ரெண்டு தரம் அடிக்கத்தான் பாக்கிறார். அதுக்குள்ள அந்த மெஷின் எடுத்துப்போடுது!"

ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் விரிந்தது. பிறகு, நான் எதிர்பார்க்காத மாதிரி, இன்னும் வெளிறியது.

"எடுக்குதோ? இஞ்சால் பக்கம் போனை எடுத்தமாதிரி அவனுக்குக் கேக்குமோ?"

"ஓம்..."

"ஐயோ மாதாவே!"

சத்தம் கேட்டு மனேஜரும் வந்துவிட்டார். அக்கா எங்கள் இருவருக்கும் அந்த ஏற்பாட்டின் மற்றப் பாதியைச் சொன்னார். மணி அடிப்பது ஜெறோமின் பக்கம். எடுக்காமல் விடுவது இவருடைய பக்கம்.

"நான் எடுக்காட்டி இஞ்ச எல்லாரும் சுகம் எண்டு அர்த்தம், சேர். எடுத்தால் அம்மாவுக்கு ஏதோ, இல்லாட்டி எனக்கு ஏதோ. இந்த நாலைஞ்சு நாளும் நான் எடுத்துப்போட்டுக் கதைக்காமல் நிக்கிறன் எண்டுதானே அவன் நினைச்சிருப்பான்? அவன் வெளிக்கிட்டு வருவான். பாஸும் இல்லை ஒண்டும் இல்லை. வழியில பிடிபட்டுப் போவான்!"

யோசித்துப் பாருங்கள். அங்கே அவன் அக்காவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று துடிக்கிறான். இங்கே இவர் தம்பிக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பெட்டி கட்டுகிறார். இருவரும் வெளிக்கிட்டால், இடையில் ஏதோ ஒரு ஸ்ரேஷனில் ஒருவரை ஒருவர் காணாமலே கடந்து போயிருப்பார்கள். இருவருக்கும் நடுவில், ஒரு தீங்கும் நினைக்காத ஒரு பெட்டி மரியாதையாகப் போனை எடுத்துக்கொண்டிருக்கிறது.

"அவர் கீச்சுச் சத்தத்தைத்தானே கேட்டிருப்பார் அக்கா? லைன் பிழையெண்டு விட்டிருப்பார்..."

"எடுத்தது எடுத்ததுதானே தம்பி!"

மனேஜர் கழுத்துப் பட்டனைத் தடவினார். அந்தப் பின்னேர மணி அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தவர். "சும்மா கிடக்கிற லைன் எண்டு இன்ஜினியருக்கு நான்தான் சொன்னனான்" என்றார், சுவரைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பி, "திருத்தும் தம்பி, கெதியாத் திருத்தும். திரும்ப அடிப்பானெல்லோ?" என்றார்.

அடிப்பான். தினமும் இரண்டாம் முறை அடிக்கிறானே! கொமினிகேஷன் கடையில் வரிசையில் திரும்ப நின்று அடிப்பான்.

ஓடிப்போய் மூன்று கட்டளைகளைத் தட்டினேன். கொழும்பின் குரல் உண்மையாகக் கேட்டால் மட்டும் "ஆள் இருக்கு" என்று சொல். ரூட்டர் கையை இறக்கினால் உடனே போனை வை. மணி அடித்தால் எடுக்காதே. மோடம் மூன்றுக்கும் சரி என்றது. பின்னேரம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. கேபிளைத் திரும்ப ரூட்டரில் மாட்டிவிட்டு மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு முடியவில்லை, தனி லைன் விழுந்தது.

வழக்கம்தான், பொழுதுபட்டால் அது மயங்கும். ரூட்டர் கண்டது, கையை உயர்த்தியது. மோடம் போனை எடுத்தது, கொழும்புக்கு டயல் பண்ணியது. சற்றுப் பொறுத்து, சரியான நேரத்தில், சரியான காரணத்துக்காக, "ஆள் இருக்கு" விளக்கு எரிந்தது. என்ன அழகு! பின்னேரம் முழுக்க எந்தக் காட்சிக்காகத் தவம் கிடந்தேனோ அந்தக் காட்சி. மனேஜரின் வார அறிக்கை கொழும்புக்கு ஏறத் தொடங்கியது.

ஆனால் லைன்? அதே லைன்தான்! இப்போது ஜெறோம் அடித்தால் எங்கேஜ் சத்தம் கேட்கும். அக்கா போனை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் நினைப்பான்.

மனேஜரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார்.

"எவ்வளவு போயிட்டுது?"

"பாதி, சேர்."

அவர் வாசலில் நிற்கிற றெஜினா அக்காவைப் பார்த்தார். அந்த மனிதர் அறிக்கைக்காகத் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கே பிந்திப் போனவர் என்று அலுவலகத்தில் கதை உண்டு.

"கழட்டும்" என்றார். "கொழும்பு நாளைக்கு என்னைத் திட்டட்டும்."

கேபிளைப் பிடுங்கினேன். கை இறங்கியது. மோடம் அதே கணம் போனை வைத்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வேறு எந்த நாளிலும் இதை ஒரு வெற்றிகரமான பரிசோதனை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

மூவரும் குசினி வழியில் போய் நின்றோம். லைற்றைப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. மழை மெல்லத் தொடங்கியிருந்தது. முக்காலியில் அந்தக் கறுத்த போன். அதிலிருந்து போகிற கம்பியை நான் மனத்தால் தொடர்ந்து போனேன்... சுவர், முற்றம், தபால் கந்தோர்ப் பக்கத்துத் தூண், மதவாச்சி, வயல்கள், இருட்டுகிற தென்னைகள், கடைசியில் கொழும்பில் ஏதோ ஒரு சந்தில் ஒரு கண்ணாடிக் கதவு. வடக்கே மட்டும் போக முடியவில்லை. ஓமந்தைக்கு அங்கால், சண்டைக்கு மற்றப் பக்கம், இந்தக் கம்பிக்கு வழியில்லை. அக்காவின் தாய் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்.

நான் ஒன்றை உணர்ந்தேன். எங்கள் சனம் இந்தப் பத்து வருடமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் செய்தி மிகக் கொஞ்சம். இருக்கிறேன், இருக்கிறாயா என்பதுதான் மிச்சம் எல்லாம். அதற்குச் சொல்லே தேவைப்படவில்லை.

அடித்தது.

ஒன்று. அக்கா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. இடைவெளி... ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் அவ்வளவு நேரம் இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டு.

வெட்டு.

உடனே திரும்ப அடித்தது. ஒன்று, இரண்டு, வெட்டு. மனேஜருக்குத் தாங்கவில்லை. மணி அடித்தால் எடுத்தே பழகிய மனிதர். "ஒரு வார்த்தை கதையுமன் றெஜினா!" என்று சொல்லிக்கொண்டு கையை நீட்டிவிட்டார். அக்கா போனுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"எடுக்காதேங்கோ சேர்! எடுத்தால் பயந்துபோவான்!"

திரும்பவும் இரண்டு. வெட்டு. திரும்பவும் இரண்டு. அந்தக் கொமினிகேஷன் கடைக்காரர் அவனுக்கு விசர் என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் இங்கே யாரும் எடுக்கவில்லை என்பதைக் கேட்டுக் கேட்டு அவன் அங்கே சிரித்துக்கொண்டு நின்றிருப்பான். இங்கே அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, தன் தம்பியின் போனை எடுக்காமல் நின்றார்.

இந்தக் கிழமை நீங்கள் போன் அடித்து யாராவது எடுக்கவில்லையா? கோபிக்காதீர்கள்... சுகமாக இருப்பார்கள்.